அப்பாரு காரின் டேஷ்போர்டுக்குப் புதுப் பெயின்ட்... கழற்றும் முன் இதைப் படியுங்கள்!

பழைய கார் ஒன்று தெருவோரம் நின்றால் போதும். பெரியவர்கள் பானட்டைத் தட்டிப் பார்த்து, 'இந்தத் தகடெல்லாம் இப்ப எங்க வருது' என்பார்கள். பொடிசுகள் நேராகக் கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, ஸ்பீடாமீட்டரில் கடைசி நம்பர் எவ்வளவு என்று தேடும். 160 என்று இருந்துவிட்டால், வண்டி 160-ல் பறக்கும் என்றே முடிவு! வெளியே ஒரு முகம் இருப்பதுபோல காருக்கு உள்ளேயும் ஒரு முகம் உண்டு. அதுதான் டேஷ்போர்டு. ஓட்டுபவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளைகளில் தார்ப்பாய் போர்த்திய பழைய ஃபியட்டும் அம்பாஸடரும் இன்னும் நிற்கின்றன. 'அப்பாரு வாங்குன வண்டி, விக்க மனசு வரலீங்க' என்ற ஒரே காரணத்துக்காக நிற்பவை பல. அவற்றைத் தூசு தட்டி எடுக்கும் பேரன்களுக்கு முதலில் கண்ணில் படுவது வெளுத்து, வெடித்து, திட்டுத் திட்டாய்த் துருப்பிடித்த டேஷ்போர்டுதான். இன்ஜின் வேலையைவிட இது சின்ன வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று தோன்றும். உண்மையில், பழைய காரில் மீட்க முடியாத தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

50 வயது தாண்டிய வண்டிகள்

இந்த ஆர்வத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ்' வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. 1970-களின் தொடக்கத்தில் வாங்கிய வண்டிகள் எல்லாம் இப்போது இந்த வயதைத் தாண்டிவிட்டன.

ஒரு நிபந்தனை முக்கியம். வண்டி அதன் பழைய வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸி, பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டேஷ்போர்டுக்குப் பெயின்ட் அடிப்பது இதில் வராதுதான். ஆனால், சில கார்களில் டேஷ்போர்டு தனித் துண்டு இல்லை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உலோக டேஷ்போர்டு பாடியோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்டது. 'கழற்றித் தருகிறேன்' என்று யாராவது கட்டிங் வீலை எடுத்தால், அவர் கை வைப்பது பாடி ஷெல்லில்!

இதற்கு நேரெதிர் நம்மூர் ஹெரால்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார். சேஸி தனி, பாடி தனி. பாடியே பல துண்டுகளாக போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டது. முன்பக்க பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னோக்கிச் சாயும். நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் வந்தது. இப்படி ஸ்பேனரால் பிரிக்க வரும் வண்டிகளில் டேஷ்போர்டைக் கழற்றுவதில் பயமில்லை. எனவே முதல் வேலை, உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது. டார்ச் லைட்டோடு கீழே படுத்து, ஓரங்களில் போல்ட் தெரிகிறதா, வெல்டிங் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கழற்றிப் பார்த்துக் கற்ற ஊர்

இந்த 'கழற்றிப் பார்' புத்தி கோவைக்குப் புதிதல்ல. சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் செய்த வேலை, அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் திரும்பக் கோத்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு அவர் தொடங்கிய தொழில்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர் பெயரைச் சுமக்கும் கார் அருங்காட்சியகம் 2015 முதல் கோவை அவினாசி சாலையில் இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டிக்கு ஸ்ப்ரே கன்னைத் தூக்குவதற்கு முன் ஒரு நடை போய்வரலாம். எந்தக் காலத்து டேஷ்போர்டு எவ்வளவு பளபளக்க வேண்டும், எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழக அது உதவும்.

கழற்றணுமா, அப்படியே அடிக்கலாமா?

பட்டறைகளில் சுலபமான வழி ஒன்று உண்டு. மீட்டர்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, சீட்டுக்குச் செய்தித்தாள் போர்த்தி, இருந்த இடத்திலேயே ஸ்ப்ரே அடித்துவிடுவது. அரை நாளில் முடியும். முதல் மாதம் பார்க்க ஜோராக இருக்கும். பிறகு சுவிட்சின் விளிம்பில், மீட்டர் வளையத்தின் ஓரத்தில் பெயின்ட் செதிலாகக் கிளம்பும். உப்புத்தாள் போகாத இடுக்குகளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே அடித்திருப்பார்கள். வேறென்ன ஆகும்?

அதைவிடப் பெரிய குறை, பின்பக்கம் பார்க்கப்படாமலே போவது. பழைய கார்களில் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி டேஷ்போர்டின் பின்பக்கத்தை வருடக்கணக்கில் நனைத்திருக்கும். முன்னால் தெரியும் துருப் புள்ளி, பின்னாலிருந்து தின்றுகொண்டு வந்த துருவின் கடைசிக் கட்டம். ரப்பரை மாற்றாமல் முன்பக்கம் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால், அடுத்த ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் கொப்பளம் கிளம்பும்.

ஆகவே கழற்ற வரும் வண்டியில் கழற்றுவதே சரி. கழற்ற வராத வண்டியில் மீட்டர், சுவிட்ச், குமிழ், டாஷ்பெட்டி மூடி என எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் தகடாக்கி அடிக்க வேண்டும்.

பேட்டரியில் ஆரம்பம்

முதலில் பேட்டரி. பாடியோடு இணைந்திருக்கும் எர்த் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மற்ற முனையை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இன்றைய வண்டிகளில் எர்த் என்றால் மைனஸ். பிரிட்டிஷ் வழி வந்த பழைய கார்கள் பலவற்றில் ப்ளஸ் முனைதான் பாடிக்குப் போகும். இது தெரியாமல் வேலை முடிந்ததும் 'சரியாக' மாற்றி இணைத்து, ஆம்மீட்டர் தலைகீழாகக் காட்டுவதும், புதிதாக மாட்டிய ரேடியோ கருகுவதும் நடக்கிறது. கழற்றும் முன்பே ப்ளஸ், மைனஸ் எது எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மட்டுமல்ல, கழற்றும் ஒவ்வொரு படியையும் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வயருக்கும் மாஸ்கிங் டேப்பில் நம்பர் எழுதி ஒட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து ஞாபகம் வராது.

லூகாஸ் வயரிங் உள்ள வண்டிகளில் நிறத்துக்கு ஒரு மொழி உண்டு. பிரவுன் என்றால் சாவி போடாவிட்டாலும் கரன்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்ட பிறகு வருவது. பச்சை, சாவி போட்ட பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சைடு லைட்டுக்கு, கறுப்பு எர்த். ஆனால் 50 ஆண்டுகளில் எத்தனையோ எலக்ட்ரீஷியன்கள் கையில் கிடைத்த வயரை வைத்து ஒட்டுப்போட்டிருப்பார்கள். சாளையில் நின்ற வண்டியென்றால் எலியும் தன் பங்குக்கு வேலை செய்திருக்கும். நிறத்தை நம்பி இணைக்காமல், நம்பரை நம்புவது நல்லது. துணி சுற்றிய பழைய வயர் கையில் பொடியாக உதிர்ந்தால், பெயின்ட்டைவிட அதுதான் அவசரம்.

மீட்டர்களில் மூன்று இடங்களில் கை பதற வேண்டும். ஸ்பீடாமீட்டர் கேபிள், பின்பக்கம் திருகு மூடியால் பிடித்திருக்கும். அதைக் கழற்றாமல் மீட்டரை முன்னால் இழுத்தால் கேபிள் வளைந்துவிடும். ஆயில் பிரஷர் மீட்டர் சில வண்டிகளில் மின்சாரத்தில் இயங்குவதில்லை, மெல்லிய குழாய் வழியாக ஆயிலே மீட்டர் வரை வரும். கீழே பழைய துணி விரிக்காமல் கழற்றினால் மிதியடிக்கு ஆயில் குளியல்தான்.

மூன்றாவதுதான் பொல்லாதது. தண்ணீர்ச் சூடு காட்டும் மீட்டரிலிருந்து இன்ஜினுக்கு முடி போன்ற ஒரு செம்புக் குழாய் போகும். வயர் மாதிரியே இருக்கும். அதற்குள் ஈதர் அடைத்து இரு முனையும் மூடப்பட்டிருக்கும். சூடானால் ஈதர் விரிந்து அழுத்தம் கூடி முள்ளை நகர்த்தும். மீட்டர் பக்கம் இதைக் கழற்ற வழியே கிடையாது. இன்ஜின் பக்கம் இருக்கும் குமிழ் முனையைக் கழற்றி, குழாயைப் பாம்புபோல் சுருட்டி, மீட்டரோடு சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். 'இந்த வயர் வர மாட்டேங்குது' என்று யாராவது கட்டிங் பிளையரால் நறுக்கிவிட்டால் அந்த மீட்டர் செத்தது செத்ததுதான்.

சோக், லைட் சுவிட்ச் குமிழ்களைப் பிளையரால் பிடுங்க வேண்டாம். பல குமிழ்களின் கழுத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதில் கம்பியை விட்டு அழுத்தியபடி இழுத்தால் தானாகக் கையோடு வரும். உடைந்துபோன குமிழுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடலாம். கிடைக்காவிட்டால், கோவையில் இருந்துகொண்டு கவலைப்படுவானேன்? கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். குமிழில் பதிந்த எழுத்து அழிந்திருந்தால், வெள்ளை எனாமலை எழுத்தின் பள்ளத்தில் நிரப்பி, மேலே துணியால் ஒரு துடை துடைத்தால் எழுத்து மட்டும் பளிச்சென்று நிற்கும். ஆனால், மீட்டரின் உள் முகத்தைத் தின்னர் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். எண்களும் சேர்ந்தே வந்துவிடும்.

அடிக்காமலே விடலாமா?

தகடு கையில் வந்துவிட்டது. இப்போதுதான் உண்மையான கேள்வி. பழைய வாகனங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச அமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம், இருப்பதைக் காப்பாற்றுவதற்கே முதலிடம் தருகிறது. புதிதாக்குவது அதற்கு அடுத்துதான். டேஷ்போர்டுக்கும் இது அப்படியே பொருந்தும். வெளுத்ததெல்லாம் கெட்டுப்போனதல்ல. ஓரத்தில் கைக்குட்டை அளவு இடத்தில் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்துப் பாருங்கள். செத்த மேல் படலம் போய் உள்ளே பழைய நிறம் உயிரோடு இருந்தால், முழுக்க அப்படியே தேய்த்து பாலிஷ் போட்டு நிறுத்திக்கொள்ளலாம். கம்பெனியில் அடித்த பெயின்ட்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது. அப்பாருவின் சாவிக்கொத்து உரசி உரசி விழுந்த அந்தத் தேய்மானமும் வராது. அதையும் துடைத்துவிட்டு ஷோரூம் வண்டியாக்குவது சிலருக்குப் பிடிக்கலாம். ஆனால் அப்படி ஆக்கிய வண்டியில் அப்பாரு எங்கே இருப்பார்?

துரு தகட்டைத் தின்றுவிட்டது, யாரோ இடையில் கன்னாபின்னா நிறம் அடித்துவிட்டார்கள் என்றால் வேறு வழியில்லை, அடிக்கத்தான் வேண்டும். அப்போது மூல நிறத்தைத் தேட வேண்டிய இடம் வெயில் படாத மூலைகள். ஆஷ்டிரேயின் பின்புறம், டாஷ்பெட்டிக் கீலின் அடிப்பாகம், மீட்டர் வளையம் மூடியிருந்த விளிம்பு. அந்த விளிம்பைக் காட்டித்தான் கடையில் நிறம் கலக்கச் சொல்ல வேண்டும், வெளுத்த நடுப்பகுதியைக் காட்டி அல்ல.

தூசு இல்லை, ஈயம்!

பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலையைப் பலரும் வீட்டு வாசலில் வைத்தே செய்கிறார்கள். பக்கத்தில் குழந்தைகள் விளையாடும். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஈயத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டுப் பெயின்ட்டிலும் அலங்காரப் பெயின்ட்டிலும் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2016-ல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. 1960-களின் கார் பெயின்ட்டில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காய்ந்த உப்புத்தாளால் புகை பறக்கத் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும் அல்லது பெயின்ட் ரிமூவர் பூசி வழித்தெடுக்க வேண்டும். வழித்ததை வாசலில் கொட்டாமல் பழைய டப்பாவில் அடைக்க வேண்டும். கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடக் கூடாது.

நனைத்துத் தேய்த்த வெறும் தகடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடிக்கத் தொடங்கும். அதனால் துடைத்துக் காயவைத்து அன்றே பிரைமர் ஏற்றிவிட வேண்டும். 'நாளைக்குப் பாத்துக்கலாமுங்க' என்பது இங்கே மட்டும் செல்லாது.

டக்கோ வந்த கதை

நம்மூரில் ஸ்ப்ரே பெயின்ட் என்றாலே 'டக்கோ' என்பார்கள். அது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் பிராண்டு பெயர். அதற்கு முன் ஒரு கார் முழுக்கக் காய்ந்து வெளிவர வாரக்கணக்கில் ஆகும். டக்கோ அதை மணிக்கணக்கில் முடித்தது. கம்பெனிப் பெயர் மறந்து, வேலைக்கே அது பெயராகிவிட்டது. பட்டறைகளில் இன்று 'என்.சி. பெயின்ட்' என்று சொல்வது இதே ரகத்தைத்தான். சீக்கிரம் காயும், தப்பு நடந்தால் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம், பழைய வண்டிக்குரிய மென்மையான பளபளப்பு கிடைக்கும். ஆனால் ஈரக்காற்று ஆகாது. மழை நாளில் அடித்தால் காயும்போது பால் ஊற்றியதுபோல வெண்படலம் பூக்கும்.

கோவையில் இன்னொரு எதிரி, ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிளம்பிவரும் காற்றில் திறந்தவெளிப் பட்டறையில் டேஷ்போர்டு காயவைத்தால், அது உப்புத்தாளாகத்தான் திரும்பி வரும். அவசரமில்லாதவர்கள் தை முதல் பங்குனி வரை காத்திருக்கலாம்.

அடுத்த ரகம், ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு. பெயின்ட். கெட்டியானது, நீடித்து உழைக்கும். ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே பனியாகப் பறக்கும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். மூக்கில் கட்டும் கர்ச்சீஃப் இதற்குத் தடுப்பே இல்லை. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி வேண்டும். அது இல்லாத பட்டறையில் பி.யு. அடிக்கச் சொல்வது, நம் வண்டியின் அழகுக்காக ஒருவரின் நுரையீரலைக் கேட்பது. டேஷ்போர்டு வெயில் மழையில் நனையும் பாகமல்ல. என்.சி. தாராளமாகப் போதும்.

பளபளப்பில் நிதானம் வேண்டும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளும் நாமக்கல், திருச்செங்கோடு லாரிப் பட்டறைகளும் நிறைந்த வட்டாரம் இது. கண்ணைப் பறிக்கும் கிளாஸ் அடிப்பதில் நம் பெயின்டர்களை மிஞ்ச முடியாது. ஆனால் டேஷ்போர்டின் மேற்பக்கம் கண்ணாடியாக மின்னினால், உச்சி வெயிலில் அதன் நிழல் முன் கண்ணாடியில் விழுந்து ரோடு மறையும். மேற்பக்கம் மங்கலாக இருந்தால் அப்படியே மங்கலாகவே அடிக்கச் சொல்லுங்கள். கையில் இருக்கிறதே என்று மோட்டாருக்கும் லேத்துக்கும் அடிக்கும் ஹாமர்டோனை அடித்துவிடுபவர்களும் உண்டு. அது டேஷ்போர்டை பம்ப்செட் ஆக்கிவிடும்!

எல்லாம் அழகு, மீட்டர் ஓடலையே?

பெயின்ட் காய்ந்து, பாலிஷ் போட்டு, எல்லாவற்றையும் நம்பர் பார்த்து மாட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் முள் அசையவில்லை, மீட்டர் பல்பு எரியவில்லை. வயரிங்கில் தவறு என்று மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார்கள். தவறு வயரிங்கில் இருக்காது. பழைய வண்டிகளில் மீட்டர்கள் பலவும் தங்கள் எர்த்தைத் தனி வயரில் எடுப்பதில்லை, டேஷ்போர்டு தகட்டின் மூலமாகவே எடுக்கும். பெயின்டர் ஒரு இடம் விடாமல் அருமையாக அடித்ததில், தகட்டுக்கும் மீட்டருக்கும் நடுவில் பெயின்ட் படலம் சுவராக நின்றுவிடும். மீட்டரின் பிடிப்பு உட்காரும் பின்பக்க விளிம்பிலும், தகடு பாடியோடு சேரும் போல்ட் துளைகளைச் சுற்றியும் காசு அளவுக்குச் சுரண்டி உலோகத்தைத் தெரியவிட்டால் முள் எழுந்துவிடும். பெயின்ட் அடிக்கும் முன்பே அந்த இடங்களில் டேப் ஒட்டிவிட்டால் இந்த வேலையும் மிச்சம்.

ஒட்டும்போது இன்னொரு டேப்பும் ஒட்டலாம். டாஷ்பெட்டிக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாத மூலையில், உள்ளங்கை அளவுக்குக் கம்பெனிப் பெயின்ட்டை அப்படியே விட்டுவையுங்கள். இன்னும் 30 வருடம் கழித்து இந்த டேஷ்போர்டைத் திரும்பக் கழற்றப்போகும் பேத்திக்கு, நிறம் கலக்க அந்த மூலை வேண்டியிருக்கும்.